பால்மாவுக்கு ஒரு முகம்

டென்மார்க்கில் ஹ்விடோவ்ரே என்ற ஊரில் எனக்கு மேல்வீட்டில் இருந்தவர் இன்பமலர் அக்கா. 1986இல் கொப்பன்ஹேகனில் ஒரு பெரிய பத்திரிகைக் கந்தோரில் துப்புரவு வேலை செய்தார். கொழும்பில் அவர் கையில் பேனைதான் இருந்தது. விளம்பரக் கம்பனி ஒன்றில் தமிழ் வசனம் எழுதுகிற வேலை.

அந்தப் பத்திரிகைக்குத் திடீரென்று ஏழைகள் மேல் பாசம் பொங்கியது. ஆடம்பர விளம்பரங்கள் ஏழை நாடுகளைக் கெடுக்கிற கொடுமை பற்றி வாராவாரம் ஒரு பக்கம் எழுதினார்கள். இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அப்போது விளம்பரமே கிடையாது, அவ்வளவு சுத்தமானவர்கள்! நான் டேனிஷை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தம்பி, இந்த அநியாயத்தை நானே செய்திருக்கிறன்" என்றார்.

டென்மார்க்கின் குழந்தைப் பால்மாக் கம்பனி ஒன்றுக்கு அவர் எழுதிய வசனம், 'பெரிய இடத்துப் பிள்ளைகளின் பால்'. பொன்னிற டின்னில் கிரீடம் போட்டிருக்கும். வாங்க வசதியில்லாத வீடுகளிலும் அதை எப்படியோ வாங்கினார்கள், முடிந்த டின்னைக் கழுவிக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கினார்கள்.

அந்தப் பக்கத்தை எழுதுகிற கிர்ஸ்டனிடம் அக்கா தானாகவே போனார். பழைய விளம்பரத் துண்டையும் கொடுத்து, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கேட்டது ஒன்றே ஒன்று. தன் பெயரைப் போடலாம், ஆனால் கம்பனியின் பெயரும் வரவேண்டும். கிர்ஸ்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டாயம் வரும் என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையை விரித்தவன் அப்படியே திகைத்துப்போனேன். பாதிப் பக்கத்துக்கு அக்காவின் முகம். 'ஏழைத் தாய்மாரை ஏமாற்றினேன்' என்று தலைப்பு. கீழே அவர் கொடுத்த விளம்பரத் துண்டு, கம்பனியின் பெயர் இருந்த இடம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. கட்டுரையில் அந்தக் கம்பனி கொழும்பின் 'உள்ளூர் வியாபாரிகள்' ஆகியிருந்தது. எதிர்ப்பக்கம் முழுவதும் அதே கம்பனியின் விளம்பரம்! கொழுகொழுவென்று ஒரு டேனிஷ் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

அக்காவோடு நானும் கந்தோருக்குப் போனேன். கிர்ஸ்டன் முகம் சிவந்தது.

"பெயரை ஆசிரியர் எடுத்துவிட்டார். விளம்பரப் பகுதி வேறு மாடி, அங்கே நடப்பது எங்களுக்குத் தெரியாது" என்றாள்.

"அந்த மாடியையும் நான்தான் கூட்டுகிறேன். இடையில் பதினெட்டே படிதான்" என்றார் அக்கா. வெட்கம் கெட்ட கூட்டம் என்று நான் தமிழில் திட்டித் தீர்த்தேன். யாருக்கு விளங்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பவளராணி வந்தாள். எங்கள் சபையில் புதிதாகச் சேர்ந்தவள், டேனிஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் கையில் அந்தப் பக்கம் இருந்தது. வெட்டப்பட்ட துண்டில் தமிழ் வசனம் தப்பியிருந்ததே.

"அக்கா, இதை எழுதினது நீங்களோ?"

"ஓம்."

"என்ர மூத்தவனுக்கு இதைத்தான் குடுத்தனான். கட்டுப்படியாகாமல் தண்ணியைக் கூட விட்டுக் கரைச்சனான். எட்டு மாசத்தில செத்துப்போனான்."

அக்கா துண்டில் வெட்டுப்பட்ட இடத்தை விரலால் காட்டினார். "எழுதச் சொன்னவையின்ர பேரை வெட்டிப்போட்டினம் பிள்ளை. நான் சொன்னனான், ஆண்டவராணை, சொன்னனான்."

பவளராணி கத்தவில்லை. பத்திரிகையை அக்காவின் கையில் வைத்தாள்.

"அவையள் ஆரெண்டு எனக்குத் தெரியாது அக்கா. இதில உங்கட முகம்தான் கிடக்கு."