அரைப் பேர்

பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, கண்டி டவுனில் பளீல் நானாவின் கடையில் போன் திருத்தும் கிருஷாந்திக்கு வாய் கொஞ்சம் நீளம். கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் பழைய லெப்டொப்பில் கேம் விளையாடுவாள். துப்பாக்கியும் காருமாகப் பெரிய கம்பனிகள் விடுகிற கேம்கள் அவளுக்கு ஆகாது. யாரோ ஓர் ஆள் வீட்டுக்குள் உட்கார்ந்து தனியாகச் செய்த சின்னக் கேம்கள்தான் பிடிக்கும்.

அவற்றில் ஒன்றின் மேல் பைத்தியம் என்றே சொல்ல வேண்டும். உறைந்த ஏரிமேல் விறகு இழுத்துப் போகிற கேம். பனி உடையப்போகிற நேரம் திரையில் ஒரு சொல் வரும். எந்த நாட்டுச் சொல்லோ, கேமைச் செய்தவள் அதை மொழிபெயர்க்கவே இல்லை. கிருஷாந்தி தண்ணீருக்குள் விழுந்து விழுந்துதான் அதன் அர்த்தத்தைப் பிடித்தாள்.

“அவ ஊர்ச் சொல்ல நான் படிச்சேன்ல? எங்க ஊர்ச் சொல்ல மத்தவங்க படிக்கட்டும்” என்று பளீல் நானாவிடம் சவால் விட்டுத் தன் கேமைத் தொடங்கினாள்.

அவள் கேமில் கூடையோடு மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டும். அட்டை கடிக்கும், மூட்டம் இறங்கும். பொழுது சாயும்போது கொழுந்தின் நிறை குறைந்தால் ‘கேம் ஓவர்’ வராது, ‘அரைப் பேர்’ என்று வரும். நாள் முழுக்கப் பறித்தவருக்கும் பாதி நாள் வேலை என்று பதிந்து பாதிச் சம்பளம் போடுகிற தோட்டத்து வழக்கம் அது. கொழுந்து பறிக்கிற அம்மா அந்தச் சொல்லோடு வீடு வந்த நாட்களில் ராத்திரிக்கு வெறும் ரொட்டிதான்.

கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கேம் செய்கிறவர்களுக்குப் போட்டி வைத்தார்கள். ஜெயித்தால் கொழும்புக் கம்பனி ஒன்றில் ஒரு வருடம் இருந்து கேமை முடிக்கலாம். கடையை விட்டு வெளியேற அவளுக்கு வேறு வழி கிடையாது.

“நல்லா இருக்கு தங்கச்சி” என்றார் நடுவர் சந்திரகுமார். “ஆனா அரைப் பேருன்னா யாருக்கு விளங்கும்? கேம் ஓவர்னு போடுங்க, ஃபைனலுக்கு எடுத்திரலாம்.”

கிருஷாந்தி மாற்றினாள். ஆசை யாரை விட்டது!

அடுத்து, போட்டியைப் பார்க்க வந்திருந்த பஹ்மி என்கிற கம்பஸ் பையன் உட்கார்ந்து விளையாடினான். பறித்தான், நிறை குறைந்தது. ‘கேம் ஓவர்’ வந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்து கட்லட் எடுக்கப் போய்விட்டான். கிருஷாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் ஒரு நாள் இவனுக்கு ஒரு சிரிப்பா? நின்ற இடத்திலேயே பழைய சொல்லைத் திரும்பப் போட்டாள்.

“இப்படின்னா எடுக்க ஏலாது தங்கச்சி” என்றார் அதைப் பார்த்த சந்திரகுமார்.

“எடுக்க வேணாம் சேர். சொல்லு மாறாது.”

ஃபைனலுக்கு வாசித்த பெயர்களில் அவள் பெயர் இல்லை. வலித்தது. அழவில்லை, சார்ஜர் வயரைக் கோபத்தோடு சுற்றினாள். அப்போது பஹ்மி திரும்பி வந்து, இன்னொரு தடவை விளையாடலாமா என்று கேட்டான். வயரை மறுபடி மாட்டிக் கொடுத்தாள். பறித்தான். மூட்டத்துக்குள்ளும் விடாமல் பறித்தான். பொழுது சாய்ந்தது. திரையில் ‘அரைப் பேர்’ என்று வந்தது.

“என்னத்துக்கு அரை?” என்று கத்தினான். “நாள் முழுக்கப் பறிச்சேன் தானே! இது அநியாயம்!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது, மேடையிலிருந்த சந்திரகுமாரும்தான்.

“அநியாயந்தான்” என்றாள் கிருஷாந்தி, எல்லோருக்கும் கேட்கும்படி. “உக்காருங்க. இன்னொருக்காப் பறிங்க.”