வாசிக்காமல் கொடுத்த சம்மதம்

அந்தப் பணம் என் மனைவியுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்துப் பெண்கள் சேர்ந்து பிடித்த சீட்டில் மாதம் நூறு டொலராகக் கட்டி, தன் முறை வந்தபோது அவள் எடுத்த இரண்டாயிரத்து நூறு டொலர் அது. யாழ்ப்பாணத்தில் படுக்கையில் இருக்கும் தன் அக்காவைத் தை மாதம் போய்ப் பார்ப்பதற்கு வைத்திருந்தாள். அக்காவுக்கு எண்பத்தொரு வயது, இதயம் பலவீனம். இன்னொரு தையை அவர் காண்பார் என்று யாரும் நம்பவில்லை.

அவளுக்குத் தனிக் கணக்கு இல்லாததால் பணம் என் வங்கிக் கணக்கில் கிடந்தது. ஒரு டிக்கெட்டுக்குப் போதும், இரண்டுக்குப் போதாது. நானும் போக விரும்பினேன். தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஒன்லைன் கசினோவின் விளம்பரம் வந்தது. ஆயிரம் போட்டால் அவர்கள் இன்னும் ஆயிரம் போனஸாகத் தருவார்களாம். அவளுடைய பணத்தில் ஆயிரத்தைப் போட்டேன். நிபந்தனைகளை வாசித்து ஏற்றுக்கொள்கிறேன் என்ற பெட்டியைப் பெருவிரலால் அழுத்தினேன்.

நான் ஊரில் இருபத்தாறு வருடம் நொத்தாரிசாக இருந்தவன். காணி உறுதி எழுதினால், கையெழுத்துக்கு முன் அதை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். "ஐயா, நீங்கள் எழுதினால் பிழை இராது, தாங்கோ வைப்பம்" என்று பேனாவுக்குக் கை நீட்டியவர்களையும் இருத்தி, நான்கு எல்லைகளையும் வாசித்த பிறகே பேனாவைக் கொடுப்பேன். அப்படிப்பட்ட நான் அன்று ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

மனைவி கோயிலுக்குப் போகும் நேரங்களில் விளையாடினேன். படங்கள் சுழலும், நிற்கும், தொகை ஏறும் அல்லது இறங்கும். ஐந்தாம் நாள் கசினோக் கணக்கில் ஐயாயிரத்து முந்நூறு டொலர் நின்றது. வெகுகாலத்துக்குப் பிறகு நான் எதையோ சம்பாதித்துவிட்டதாகப் பட்டது. அந்த மகிழ்ச்சியையும் மறைக்கக்கூடாது.

உடனே பணத்தை வங்கிக்கு அனுப்பும்படி கேட்டேன். 'பரிசீலனையில்' என்று வந்தது. மூன்று நாள் கழித்துக் கடவுச்சீட்டின் படம் கேட்டார்கள். பிறகு என் பெயரும் முகவரியும் உள்ள ஒரு பில். எங்களுக்கு மின்சாரம் வாடகைக்குள் அடக்கம், தொலைபேசி மகனின் பெயரில். ஆகவே உறைபனியில் பஸ் ஏறி மோர்னிங்சைட்டில் உள்ள வங்கிக்குப் போய் ஒரு கடிதம் வாங்கி அனுப்பினேன். அதற்குப் பிறகு, கடவுச்சீட்டை முகத்தருகே பிடித்தபடி ஒரு படம் வேண்டும் என்றார்கள்.

யன்னலோரம் நின்று அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உதெந்த சென்றிப் பொயின்ற்? ஆமிக்காரன் எங்கை நிக்கிறான்?"

"வங்கிக்கு வேணுமாம்" என்றேன்.

"ஐசியைக் கிட்டப் பிடியுங்கோ. பிறகு மூஞ்சை தெரியேல்லை எண்டு பஸ்ஸாலை இறக்கி விட்டிடுவான்."

ஊரில் ஆமியின் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை இப்படித்தான் முகத்தருகே பிடித்துக் காட்டுவோம். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பணம் கேட்ட பதினேழாம் நாள் பதில் வந்தது. போனஸ் இருக்கும்போது ஒரு சுற்றுக்கு ஐந்து டொலருக்கு மேல் கட்டியிருக்கிறேன், அது விதிமீறல், வென்ற பணம் ரத்து. கணக்கைத் திறந்தேன். பூச்சியம். நான் போட்ட ஆயிரமும் இல்லை. அரட்டைப் பெட்டியில் கேட்டேன். முதலில் செலவாவது வாடிக்கையாளரின் சொந்தப் பணம், போனஸ் பிறகுதான், ஆகவே உங்கள் ஆயிரம் முன்பே தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. பத்தொன்பதாம் பந்தியைப் பார்க்கச் சொன்னார்கள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார்கள்.

அன்றுதான் நிபந்தனைகளைத் திறந்தேன். முப்பத்தொரு பக்கம். என் ஆயிரமும் அவர்களின் ஆயிரமும் சேர்ந்த தொகையை முப்பத்தைந்து தடவை பந்தயம் கட்டிய பிறகே ஒரு சதமாவது எடுக்கலாம். எழுபதாயிரம் டொலர். ஐந்து ஐந்தாகக் கட்டினால் பதினாலாயிரம் சுற்று. எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை. எல்லாம் சுத்தமான ஆங்கிலத்தில், இலக்கமிட்டு இருந்தது. நான் படிவங்களுக்குப் பின்னால் அலைந்த அந்தப் பதினேழு நாளும் வீண்; பணம் கொடுக்கப்போவதில்லை என்பது முதல் நாளே எழுதப்பட்டிருந்தது.

அடுத்த நாள் அவளை இருத்திச் சொன்னேன். பத்தொன்பதாம் பந்தியைத் தமிழில் வாசித்தும் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"உதை முதல் வாசிக்கேல்லையோ?"

"இல்லை."

"ஊர்ச்சனத்துக்கெல்லாம் வாசிச்சுக் காட்டினியள்."

மகனிடம் கேட்கலாம் என்றேன்.

"என்னெண்டு சொல்லிக் கேக்கப்போறியள்? அப்பா சூதாடிப்போட்டார் எண்டோ? அவன்ரை வீட்டுக் கடனுக்கே அவன் ரண்டு வேலை செய்யிறான்."

மிச்சமிருந்த ஆயிரத்து நூறைக் கேட்டாள். வங்கியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். எண்ணவில்லை, அப்படியே சேலைகளுக்கு அடியில் வைத்தாள். திட்டவும் இல்லை. திட்டுவாள் என்றுதான் காத்திருந்தேன்.

ஞாயிறு காலை வழமைபோல அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. படம் நடுங்கியது. அக்காவின் குரல் பலமாகவே கேட்டது.

"டிக்கெட் போட்டாச்சோ, பிள்ளை?"

"இல்லையக்கா. முழங்கால் வீங்கிப்போச்சு. இப்ப பிளேன் ஏறவேண்டாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

அவளுடைய முழங்காலில் ஒன்றும் இல்லை. கல்யாணமான இந்த நாற்பத்தேழு வருடத்தில் அவள் அக்காவிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது அது அவளுக்கு இவ்வளவு இலகுவாக வந்தது.

"அப்ப எப்ப வாறாய்?"

"பங்குனியிலை வாறன்."

"பங்குனியோ," என்றார் அக்கா. "நல்லெண்ணெய் சூடாக்கிப் போடு. அவரைத் தேய்க்கச் சொல்லு. சும்மாதானே இருக்கிறார். எங்கை அவர்?"

நான் மேசையின் மறுபக்கத்தில், அவளுக்கு நேரே இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கடைக்குப் போட்டாரக்கா" என்றாள்.

நான் என் மூச்சுச் சத்தம்கூட அக்காவுக்குக் கேட்காதபடி இருந்தேன்.