பீற்றூட்டுக்கு மாறிய காணி

“பங்குனி, இரண்டாம் வெள்ளி. காலைத் தேத்தண்ணி உப்புக் கரிக்கிறது. இன்னொரு கரண்டி சீனி போட்டும் போகவில்லை.”

நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். தபால் கந்தோரில் உத்தியோக காலம் முழுவதும் திகதி முத்திரை குத்தியவனுக்கு, ஒன்று நடந்தால் நாளைக் குறிக்காமல் இருக்க முடிவதில்லை. அந்த உப்பு நாக்கில் படுவதற்கு முன்பே அதைப் புத்தகங்களில் படித்திருந்தேன் என்பதுதான் எரிச்சல்.

எங்கள் காணி மயிலிட்டிக்குத் தெற்கே, கரையோர மணல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அதில் ஒரு பங்குக் கிணறு. பங்காளிகள் மூன்று பேர்: அண்ணை, நான், மாமியின் மகனான மச்சான். ஆளுக்கொரு முறை நாள். தன் முறையில் அவரவர் தன் துண்டுக்கு எவ்வளவும் இறைக்கலாம். மற்றவர் வாய் திறக்கக் கூடாது. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அண்ணைக்கு வெங்காயம் போடும் அந்தத் தறையை விட்டால் வேறொன்றும் இல்லை.

போர்க்காலத்தில் பிடிபட்ட அந்தக் காணி கால் நூற்றாண்டுக்கு மேல் இராணுவ முகாமின் கம்பி வேலிக்குள் கிடந்தது. திருப்பித் தந்தபோது வீட்டுக்குச் சுவர் இல்லை, காணிக்கு எல்லை இல்லை. கிணறு மட்டும் இருந்தது. பற்றை வெட்டி, குப்பை அள்ளி, மூன்று தரம் இறைத்த பிறகு ஊறி வந்த தண்ணீரை அண்ணை கையில் ஏந்திக் குடித்தார்.

“இளநி, தம்பி. சும்மா இளநி!” என்றார். நாங்கள் மூவரும் கிணற்றடியில் நின்று அழுதோம்.

அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எங்கள் சுண்ணக்கல்லுக்குள் மழைத்தண்ணீர் கடல் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே உள்ளதை அளவுக்கு மிஞ்சி எடுத்தால் கீழே உள்ளது ஏறும். இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எங்களைத் துரத்திய கம்பி வேலி கிணற்றுக்கு ஓய்வு கொடுத்திருந்தது. மனம் அறிந்து நாங்கள் அதற்கு ஒருநாளும் ஓய்வு கொடுத்ததில்லை.

பழைய நதிக்கரை நாகரிகங்கள் ஏன் அழிந்தன என்று வாசிப்பது என் பொழுதுபோக்கு. மழை பொய்த்தது, ஆறு திசை மாறியது, காடு அழிந்தது என்று பல காரணம் சொல்கிறார்கள். இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவில் இருந்த ஒரு தேசத்தைப் பற்றிச் சொல்வது உப்பு. ஒரு போகம் விதைத்தால் அடுத்த போகம் நிலத்தைச் சும்மா விடுவது அங்கே வழக்கமாம். தானியம் போதாமல் போக, அந்தத் தரிசையும் உழுதார்கள். உப்பு மேலே வந்தது. கோதுமை விளையவில்லை. உப்பைத் தாங்கும் வாற்கோதுமைக்கு மாறினார்கள். பிறகு அதுவும் போயிற்று. இதை மறுப்பவர்களும் உண்டு. அங்கே நிலத்தடி நீர் கூடியதால் உப்பு ஏறியது. இங்கே குறைந்தால் ஏறும். இரண்டும் ஒன்றல்ல. ஓய்வு விடாதது மட்டும் ஒன்று.

அண்ணை ஒருநாள் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“உதென்ன?”

“பழைய ஊருகள் அழிஞ்ச கதை, அண்ணை.”

“ஆர் குண்டு போட்டவங்கள்?”

“ஒருத்தரும் போடேல்லை. உப்பு.”

“உப்பாலை ஊர் அழியுமெண்டால், கருவாடு போடுற மயிலிட்டிச் சனம் எப்பவோ அழிஞ்சிருக்கோணும்!” என்று சிரித்தார்.

தேத்தண்ணி கரிப்பதற்கு முந்திய சித்திரையில் தொடங்கி என் முறையில் நான் இறைக்கவில்லை. என் துண்டைத் தரிசாக விட்டேன். மூன்று நாளில் ஒருநாளாவது கிணறு ஆறட்டும் என்று இருவருக்கும் சொன்னேன்.

“பென்சன் எடுக்கிற ஆள் எல்லே, கிணத்துக்கும் பென்சன் குடுக்கப் பாக்கிறார்,” என்றான் மச்சான். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வைகாசியில், என் முறை நாள் ஒன்றில், குடிதண்ணீர் அள்ளப் போனேன். படலையைத் திறக்கும்போதே இறைப்பு மிசின் சத்தம் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் அண்ணையின் வெங்காயத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் மண்வெட்டியோடு வரம்பில் நின்றான். மத்தியானத்துக்குப் பிறகு அவனுடைய துண்டுக்காம். முதல் வாரத்திலிருந்தே என் முறையை இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணை, இண்டைக்கு என்ரை முறை.”

“ஓம். அதுதானே சும்மா கிடக்குது.”

“சும்மா விடத்தானே விட்டனான்!”

“நீ விடுற தண்ணி உன்ரை பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளுக்கை நிக்குமே?” என்றான் மச்சான். “நாங்கள் எடுக்காட்டி அயல்காணிக்காரன் எடுப்பான்.”

அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “தம்பி, வெங்காயம் வாடுது. நான் புத்தகத்தையே புழியிறது?”

வாடிய வெங்காயத் தாள்கள் கண்ணுக்கு முன்னால் கிடந்தன. மறு முறையில் நானே என் துண்டுக்கு இறைத்தேனா என்றால், இல்லை. ஆனால் அவர்கள் இறைத்துக்கொண்டே இருந்ததால் கிணற்றுக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

அடுத்த பங்குனியில் தேத்தண்ணி கரித்தது. அதற்கடுத்த போகம் வெங்காயம் நுனி கருகி, சிறுத்து, பாதி அழுகிப் போனது. குடிக்க இப்போது மருதனார்மடத்தில் இருந்து பிளாஸ்டிக் கானில் தண்ணீர் வருகிறது. அண்ணை அந்தத் தண்ணீரை இளநி என்று சொல்வதில்லை.

போன மாதம் கூப்பிட்டுக் காட்டினார். தறை முழுக்கச் செங்காம்புக் கீரைபோல் இலை.

“பீற்றூட், தம்பி. சவர்த் தண்ணிக்கும் அசையாது. பாத்தியே, உன்ரை உப்பை வெண்டிட்டன்!”

ஒன்றைப் பிடுங்கி மண்ணைத் தட்டி என் கையில் வைத்தார். உருண்டையான, நல்ல கிழங்கு. வாற்கோதுமைக்கு மாறிய ஆண்டில் அங்கேயும் இப்படி ஒருவர் தன் தம்பியிடம் காட்டியிருப்பார். நான் அதைச் சொல்லவில்லை. நல்லாய் வந்திருக்கு என்றேன்.

கிணறு சவரானதற்கு அயல்காணியில் இறக்கிய குழாய்க் கிணறுதான் காரணம் என்று அண்ணை எல்லோரிடமும் சொல்கிறார். மச்சானும் ஓம் என்கிறான். குழாய் இறங்கியது வெங்காயம் கருகுவதற்கு முன். அது எனக்குத் தெரியும். அந்தப் பங்குனி வெள்ளிக்கு முன்னா பின்னா என்று அயலவர் இருவர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அந்தக் காணியின் சொந்தக்காரர் வெளிநாட்டில். குழாய் இறங்கிய நாளை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.