படம் பிடிபட்ட நேரம்

அப்போது ஒட்டுசுட்டான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் புது டொக்டர். அங்கே கரண்ட் கிடையாது, எக்ஸ்ரே கூடக் கிடையாது. சி.ரி. ஸ்கான் படத்தைப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட என்னிடம்தான், முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு மீனவரின் மனைவி பெரிய கவர் ஒன்றை நீட்டினார். வன்னியை விட்டு வெளியே போகிற அனுமதிப் பாஸ் எடுத்து, கொழும்புக்குப் போய், புருஷனின் வயிற்றை ஸ்கான் செய்துகொண்டு வந்திருந்தார்கள்.

உள்ளே கொழும்பு டொக்டரின் குறிப்பும் இருந்தது. குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி வெட்டி எடுக்க வழியில்லை. அவர்களை உட்காரவைத்து அதைச் சொல்வதுதான் என் வேலை. ஆனால் எனக்குப் படத்தைப் பார்க்கிற ஆசை.

புருஷன் கட்டிலில் படுத்திருந்தார். நான் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பாண் ரொட்டியை வெட்டுவதுபோல வயிற்றைக் குறுக்கே வெட்டிய துண்டுகள். எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு, மிச்சமெல்லாம் சாம்பல். அதுவரைக்கும் தெரியும். படத்தின் வலப்பக்கத்தில் ஈரலைத் தேடினால் அங்கே இரைப்பையும் மண்ணீரலும் நிற்கின்றன. இத்தனை வருஷம் என்னத்தைப் படித்துக் கிழித்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

பிறகுதான் ஞாபகம் வந்தது, நோயாளியின் காலடியில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். கட்டிலின் கால்மாட்டுக்குப் போனேன். அவருடைய வலப்பக்கம் என் இடக்கைப் பக்கம் வந்தது. படத்தின் இடது பாதியில் ஈரல், அதற்குள் மங்கலான வட்டப் பொட்டுகள். எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல!

“ஆ, பிடிபட்டுது!” என்று சிரித்துக்கொண்டே கத்திவிட்டேன்.

“பிடிபட்டுதோ டொக்டர்? மாதாவே!” மனைவி நெஞ்சில் சிலுவை போட்டார். பக்கத்துக் கட்டில்காரரிடமும் திரும்பினார். “இவருக்கு வருத்தம் பிடிபட்டிட்டுது. இனி மருந்து குடுப்பினம்.”

புருஷன் முழங்கையை ஊன்றி எழும்பினார். “எப்ப டொக்டர் தொழிலுக்குப் போகலாம்?”

நான் சொன்னது படம் எனக்கு விளங்கிவிட்டது என்பதை. அவர்கள் நினைத்தது நோய் அகப்பட்டுவிட்டது, இனித் தீர்ந்துவிடும் என்று. படத்தைக் கீழே இறக்கினேன். அவருடைய சாவைக் கண்டுபிடித்தல்லவா நான் சந்தோசப்பட்டிருக்கிறேன்.

“அம்மா, எனக்குப் படம் பாக்கத்தான் பிடிபட்டுது. வருத்தம் ஈரலுக்கும் பரவீட்டுது. அதை மாத்த மருந்தில்லை. நோகாமல் வைச்சுப் பாக்கலாம்.”

புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மனைவி அழவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அப்ப ஏன் டொக்டர் சிரிச்சனீங்கள்?”