நூற்றிருபது பேருக்கான தேவாலயம்

போன சனிக்கிழமை ஒரு முதியவரை அவருடைய சொந்தத் தேவாலயத்துக்கு வெளியே நிற்க வைத்துவிட்டோம். நாங்கள் என்றால் வேறு யார்... எங்கள் சனம்தான்.

என் பேத்தி ஆரணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மார்க், ஜேர்மன் வழிவந்த கனடியப் பையன். தாலிகட்டு முதல் நாளே றிச்மண்ட் ஹில் கோயிலில் முடிந்துவிட்டது. மார்க்கின் தாத்தா வோல்ரர் அன்றைக்கு ஓமப்புகையில் கண் எரிய எரிய, முழுச் சடங்கையும் அசையாமல் இருந்து பார்த்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். மோதிரம் மாற்றுவது தங்கள் கிராமத்து லூதரன் தேவாலயத்தில் நடக்கவேண்டும். அதை அவர் இடது பக்கத்து மூன்றாவது வாங்கில், அந்த நீள மர இருக்கையில், இருந்து பார்க்கவேண்டும்.

ஏன் அந்த வாங்கு? அவருடைய கல்யாணத்தன்று அவருடைய தாயும் தகப்பனும் அதில்தான் இருந்தார்களாம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அங்கே கல்யாணம் செய்யவில்லை. இப்போது ஞாயிறு ஆராதனைக்கு வருவது பதினொரு பேர். அடுத்த வருடம் கதவு திறக்குமோ, என்னவோ.

கிராமம் என்று சொல்லிவிட்டேன்... எங்கே கிராமம்? நாங்கள் இருக்கும் ஸ்காபரோவிலிருந்து வடக்கே போனால் ஒரு பக்கம் வெயர்ஹவுஸ். மறுபக்கம் ஒரே அச்சில் வார்த்த ரவுண்ஹவுஸ் வரிசை வீடுகள். நடுவில், வழி தெரியாமல் வந்து நின்றதுபோல, வெள்ளைச் சாயம் பூசிய ஒரு மரக் கட்டடம்.

கல்யாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அளவுநாடாவோடு போனேன். எத்தனை பேர் இருக்கலாம் என்று யாராவது பார்க்கவேண்டாமா? வோல்ரர்தான் கதவைத் திறந்துவிட்டார்.

காட்டை வெட்டி வயலாக்கிய ஜேர்மன் விவசாயிகள் கட்டியது. வோல்ரரின் பாட்டனாரும் அவர்களில் ஒருவர். முதலில் மாட்டுக்கும் தானியத்துக்கும் இடம், பிறகுதான் கடவுளுக்கு. இரண்டுக்கும் அதே ஆட்கள், அதே கோடரி. தூண்களைத் தடவினால் கோடரி கொத்திய தழும்பு கையில் படுகிறது. தூணையும் விட்டத்தையும் மர ஆப்பு அடித்துப் பூட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரை ஒரு கவிழ்த்த வள்ளம்.

பிரசங்க மேடை ஆளுயரத்துக்கு மேலே இருக்கிறது. அதற்கும் மேலே ஒரு சின்ன மரக்கூரை. உள்ளே எதற்குக் கூரை? மழை பெய்யுமா? இல்லை — போதகரின் குரல் மேலே போய்த் தொலையாமல் சனத்தின் காதில் விழுவதற்கு. மைக் இல்லாத காலம். சுவரில் படம் இல்லை, சிலை இல்லை. ஜன்னலில் வர்ணம் இல்லை, வெறும் கண்ணாடிதான். இவர்களுக்குப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் முக்கியம்.

கேட்டது எந்த மொழியில்? முதலில் ஜேர்மன். பிள்ளைகளுக்கு விளங்காமல் போகவும் ஒரு கிழமை ஜேர்மன், ஒரு கிழமை ஆங்கிலம். பிறகு ஆங்கிலம் மட்டும். இந்தக் கதையை வேறு எங்கோ கேட்ட மாதிரி இல்லை?

சரி, கணக்குக்கு வருகிறேன். பக்கத்துக்குப் பன்னிரண்டு வாங்கு. ஒவ்வொன்றும் எட்டு அடி. ஒரு வாங்கில் ஐந்து பேர் — ஆளுக்குப் பத்தொன்பது அங்குலம். மேல்மாடத்தில் பலகை உளுத்துவிட்டது, ஏறக்கூடாது. ஆக நூற்றிருபது பேர். மார்க்கின் பக்கம் நாற்பது, எங்கள் பக்கம் எண்பது.

வீட்டுக்கு வந்து ஆரணியின் தாயிடம், என் மகள் சுகந்தியிடம், சொன்னேன்.

“எண்பதோ? நான் நூற்றைம்பது பேருக்குச் சொல்லிப்போட்டன், அப்பா.”

“உனக்கென்ன விசரோ?”

“ஏன் கத்துறியள்? எங்கட சனம் சேர்ச்சுக்கு வருமே? நேர ஹோலுக்குச் சாப்பாட்டுக்குத்தான் வரும். வாற கொஞ்சமும் பிந்தித்தான் வருங்கள். அதுதான் எங்கட கார்டில ஒரு மணி எண்டு அடிச்சனாங்கள். மார்க்கின்ர ஆக்களின்ர கார்டில ரெண்டு மணி.”

“உண்மையா எத்தினை மணிக்கு?”

“ரெண்டுக்கு.”

ஒரு கல்யாணம், இரண்டு கார்ட், இரண்டு நேரம்! ஆனால் அவளை மட்டும் சொல்லி என்ன? ரொறொன்ரோவில் எந்தத் தமிழ்க் கல்யாணக் கார்டில் உண்மையான நேரம் இருக்கிறது? அடிக்கிறவர் ஒரு மணித்தியாலத்தைக் குறைத்து அடிக்கிறார். வாசிக்கிறவர் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டி வாசிக்கிறார். எப்படியோ கணக்குச் சரிவந்துவிடுகிறது.

இந்த முறை சரிவரவில்லை.

நான் ஒன்றரை மணிக்குப் போனேன். கார் நிறுத்த இடமில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும், பன்னிரண்டு வாங்கும், காஞ்சிபுரமும் கோட்டும் சூட்டும். தமிழர் நூற்றிருபது பேர் நேரத்துக்கு வந்து, வாய் பொத்தி இருக்கிறார்கள்! இடது பக்கம் மூன்றாவது வாங்கின் ஜன்னலோரத்தில் என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை பூமணி.

“எப்ப வந்தனீ?”

“பன்னிரண்டே முக்காலுக்கு, அத்தான். வெள்ளைக்காரரின்ர சேர்ச்செல்லோ? பிந்திப் போனால் எங்கட மரியாதை என்னத்துக்காகும்? எல்லாருக்கும் போன் அடிச்சு, நேரத்துக்கு நில்லுங்கோ எண்டு சொன்னனான்.”

இந்தப் பூமணி என் மகளின் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு வந்தவள்.

இரண்டுக்குக் கால் மணி இருக்க வோல்ரர் வந்தார். ஊன்றுகோல், கறுப்புக் கோட், பின்னால் முப்பத்தொன்பது பேர். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். தன் வாங்கைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முன்னுக்குப் போய்க் கையைத் தூக்கினேன்.

“தயவுசெய்து ஒரு நாற்பது பேர் எழும்புங்கோ. மாப்பிள்ளை பகுதி வெளியில நிக்குது.”

எல்லாரும் திரும்பித் தங்களுக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்தார்கள். கடைசி வாங்கில் இருந்தவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

ஒரு தம்பி கேட்டான்: “அங்கிள், முதல் வந்த நாங்கள் எழும்புறதோ? பிந்தி வந்தவையெல்லோ நிக்கவேணும்?”

“அவை பிந்தேல்லை! நீங்கள்தான் முந்தீட்டியள்!”

என் தோளில் ஒரு கை. வோல்ரர்! வெளியே நிற்கப் பொறுக்காமல் உள்ளே வந்துவிட்டார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வலது சுவரைக் காட்டினார். அங்கே வரிசையாக மரமுளைகள். வெக்கை தாங்காமல் எங்கள் ஆண்கள் கோட்டைக் கழற்றி அவற்றில் கொழுவியிருந்தார்கள்.

“அவை ஆண்கள் தொப்பி கொழுவுவதற்கு” என்றார் ஆங்கிலத்தில். “இடது சுவரில் முளை கிடையாது. அந்தப் பக்கம் பெண்கள் இருப்பார்கள். என் பாட்டனார் காலத்து வழக்கம். அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டதில்லை.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். யாரும் சொல்லாமலே எங்கள் பெண்கள் எல்லாரும் இடது பக்கம், ஆண்கள் எல்லாரும் வலது பக்கம். கோயிலில் இருந்து பழகிய சனம், வேறெப்படி இருக்கும்?

“ஒருவரையும் எழுப்பவேண்டாம்” என்றார். “இது நிறைந்திருந்ததை நான் கடைசியாகப் பார்த்தது என் கல்யாணத்தன்று.”

எழுப்பவேண்டாம் என்றால் அவர் எங்கே இருப்பார்? பூமணியிடம் போய் அந்த வாங்கின் கதையைச் சொன்னேன்.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே, அத்தான்? சும்மா நாற்பது பேரை எழும்பச் சொல்லிக் கத்துறியள். பிள்ளையள், ஒடுங்குங்கோ! அது இந்த ஐயாவின்ர இடமாம்.”

அவள் கைப்பையை மடியில் வைத்து இடுப்பால் ஒரு இடி இடித்தாள். ஐந்து பேர் இருந்த வாங்கில் ஆறாவதுக்கு இடம் வந்தது. அதைப் பார்த்து அடுத்த வாங்கும் ஒடுங்கியது. பிறகு எல்லா வாங்கும். ஆளுக்குப் பதினாறு அங்குலம்! மீதிப் பதினாறு பேர், இரண்டு பக்கத்து இளசுகளும், வெளியே போனார்கள். போதகர் — அவர் ஒரு பெண் — கூட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். இளசுகள் ஜன்னல்களில் முகம் வைத்தார்கள்.

இரண்டு மணிக்குக் கல்யாணம் தொடங்கியது. பெண்கள் பக்கத்தில் ஒரே ஆணாக, ஜன்னலோரம், பூமணிக்குப் பக்கத்தில் வோல்ரர். மோதிரம் மாற்றும்போது அவருக்குக் கண் துடைக்க ரிஷூ எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

பாருங்கள், எங்கள் சனத்துக்கு நேரத்துக்கு வரத் தெரியும்! அன்று பின்னேரம் ரிசப்ஷன், ஸ்காபரோவில், ஆறு மணிக்கு. இந்த முறை எல்லாக் கார்டிலும் உண்மையான நேரம். நானே சரிபார்த்தேன். ஆறு மணிக்கு அந்தப் பெரிய ஹோலில் மார்க்கின் பக்கத்து நாற்பது பேரும் நானும். ஆறரைக்கும் நாற்பத்தொரு பேர்தான். பூமணிக்குப் போன் அடித்தேன்.

“என்ன அத்தான் அவசரம்? அது எங்கட ஹோல்தானே!”