சாக்ஸபோனிலிருந்து விழாத சொட்டு

பிள்ளைகளே, சாக்ஸபோனை ஊதி முடித்துக் கவிழ்த்தால் மூச்சின் ஈரம் சொட்டும். அரிமளத்து இசை வகுப்பில் நாலு பேராகச் சேர்ந்து வாசித்துவிட்டு வந்த என் மகளின் சாக்ஸபோனை, துடைப்பதற்காகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மற்ற மூவரும் ஊத, இவள் கன்னத்தை மட்டும் உப்ப வைத்திருக்கிறாள்.

"நாளைக்குத் தனித்தனியா ஊதணுமாம்ப்பா," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"தப்பா வந்தாலும் ஊதிரு, ஆத்தா."

"சிரிப்பாங்கப்பா."

மறுநாள் அவள் முறை வந்தது. வாயில் வைத்தாள். சத்தமே இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாத்து கத்தியதுபோல் ஒரு சத்தம். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து கவிழ்த்தேன். தரையில் மூன்று சொட்டு விழுந்தது.