பங்கர்த் தண்டவாளம்

ஒரு சிறு தாள் துண்டின் பாரத்தை அளக்கப்போய் எனக்கு ஆறு வருடம் கழிந்துவிட்டது. செய்மதியை விண்வெளியில் மெல்ல மெல்லத் தள்ளும் ஒரு சின்ன இயந்திரம் செய்தேன். மின்சாரம் கொடுத்தால் அயடீன் ஆவியை வெளியே தள்ளும். அதன் உந்துவிசை அந்தத் தாள் துண்டின் பாரமளவுதான் இருக்கும். வவுனியாவில் நான் படிப்பிக்கும் பல்கலைக்கழக வளாகத்தின் பின்னறையில், காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கூட்டுக்குள் அதை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, கம்பி எவ்வளவு முறுகுகிறது என்று அளப்பேன்.

வீதியில் லொறி போனாலே மேசை நடுங்கி அளவு கெட்டுவிடும். ஓமந்தையில் வயல் செய்யும் அண்ணா, சண்டைக்காலத்தில் நாங்கள் பதுங்கிய பழைய பங்கரின் கூரையில் கிடந்த நாலு தண்டவாளத் துண்டுகளை உழவு மெசினில் ஏற்றிவந்து மேசைக்கடியில் அடுக்கினார்.

"இதைவிட அசையாத சாமான் எங்கையும் இல்லைத் தங்கச்சி."

அந்த இரும்பின் கீழே இருந்துதான் நாங்கள் உயிர் தப்பினோம்.

அதன்பின் கம்பி நன்றாக முறுகியது, கணக்குச் சொன்னதைவிட இரண்டு மடங்கு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை அனுப்பினேன். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று தன் செய்மதியில் ஏற்றிப் பார்க்கச் சம்மதித்தது. அண்ணா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

போன மாதம் அயடீன் தீர்ந்ததைக் கவனிக்காமல் மின்சாரத்தைப் போட்டுவிட்டேன். கம்பி வழக்கம்போலவே முறுகியது. குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். காவலாளியோடு சேர்ந்து தண்டவாளங்களை முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். புது அயடீன் நிரப்பியும் கம்பி அசையவேயில்லை. இத்தனை நாளும், காந்தமேறிய அந்தப் பழைய இரும்புதான் மின்சாரம் ஓடும் வயரை இழுத்திருக்கிறது; என் இயந்திரம் எதையும் தள்ளவேயில்லை. முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு நானே எடுக்கும் பாடம் இது! வேறு எந்த இரும்பென்றாலும் சந்தேகப்பட்டிருப்பேன். இதைச் சந்தேகப்பட மனம் வரவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி வைத்துவிட்டு அண்ணாவை வளாகத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப மேல போகாதோ?"

"இல்லை அண்ணா. பிழை என்னிலதான்."

அவர் முற்றத்தில் கிடந்த தண்டவாளத்தில் குந்தி, அதைத் தடவிப் பார்த்தார். "ஷெல் விழேக்கையும் இது அசையேல்லை. உன்ரை கம்பியை ஏன் அசைச்சது?"

விளக்கம் சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டேன். பிறகு உள்ளே போய்க் கடிதத்தை அனுப்பினேன். ஒரு முனையை அவரும் மறுமுனையை நானுமாகப் பிடித்து நாலு துண்டுகளையும் மெசினில் ஏற்றினோம்.

புறப்படும்போது கேட்டார், "ஊராக்களுக்கு நான் இனி என்னெண்டு சொல்லுறது?"

துண்டுகள் அசையாதபடி கயிற்றை இன்னொருமுறை இறுக்கிக் கட்டினேன்.